சவர்த் தண்ணீரும் உன் ஐயாவும்

என் ராசா,

இங்கே எல்லோரும் சுகம். மாடு சுகம், கன்று சுகம், உன் ஐயாவின் பிடிவாதம் முன்னைவிடச் சுகம். உன் கடிதத்தைக் கொடிகாமம் மாமா மடியில் முடிந்துகொண்டு வண்டிலில் வந்து, ஐயா தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து என் கையில் தந்துவிட்டுப் போனார். அடுப்படியில் வைத்து வாசித்தேன். கறி அடிப்பிடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். அன்றைக்கு உன் ஐயா அந்தக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "கத்தரிக்காயிலை ஏதோ நோய்" என்றார். நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கலியாணத்துக்கு வருவாய், ஆனால் கோப்பாய் வீட்டுக்கு வரமாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். தாலிக்குப் பொன்னுருக்குகிறதும் பாலறுகும் மாமா வீட்டிலேயே நடக்கட்டும், ஐயா நாலு பேருக்கு முன்னால் தன் வாயால் "பிழை என்னுடையது" என்று சொன்னால்தான் எங்கள் வாசல் படலையைத் திறப்பாய் என்றும் எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயமானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஐயாவின் பக்கம் கதைக்கிறேன் என்று நீ கடிதத்தைச் சுருட்டி எறியக்கூடாது. ஆனால் ஒரு மாப்பிள்ளை தான் பிறந்த வீட்டுக் கிணற்றடியில் பலகை போட்டு இருந்து, பெற்றவர்கள் பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்துத் தண்ணீரால் தோய வார்த்த பிறகுதான் பெண் வீட்டுக்குப் புறப்படுவது எங்கள் வழக்கம். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்க நீ மாமன் வீட்டுக் கிணற்றடியில் இருந்தால், ஊர் ஒரு நாள் கதைத்துவிட்டு மறந்துவிடும். நான் மறக்கமாட்டேன். ஆகவே இதை நீண்ட கடிதமாகவே எழுதப் போகிறேன். நீ ஆறுதலாக இருந்து வாசி.

பிழையை ஒத்துக்கொள்ளாத மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்குக் கலியாணமாகிய முதல் மாதமே தெரிந்துவிட்டது. தொண்டைமானாற்று முருகன் கோயிலுக்கு என்னை வண்டிலில் கூட்டிக்கொண்டு போனார். திரும்ப வேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு கிழவரிடம் விசாரிப்போமா என்று கேட்டேன். "நான் பிறந்து வளர்ந்த நாட்டிலை எனக்கு வழி தெரியாதோ?" என்றார். பாதை முடிந்து கடல் வந்துவிட்டது. மாடே நின்று திரும்பிப் பார்த்தது. அவர் இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உனக்குக் கடல் காட்டத்தான் இப்பிடி வந்தனான். காத்தைப் பார், எவ்வளவு சுகமாய் இருக்கு" என்றார். நான் அப்போது புதுப் பெண். உண்மையென்றே நினைத்து வெட்கத்தோடு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசை முடிந்துதான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள் என்று பிறகு பிறகு விளங்கியது.

அதற்குப் பிறகு சில வருஷம் நான் அவரை வெல்லப் பார்த்தேன். ஆதாரம் காட்டினேன், சாட்சி கூப்பிட்டேன், இரண்டு நாள் கதையாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரும், உன் ஐயா நகரமாட்டார். நெருக்க நெருக்க, சொன்ன பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிடுவார். தொண்டைமானாற்றுக் கதையை இன்று கேட்டுப்பார், கடல் காட்டுவதற்காக முதல் நாளே யோசித்து வைத்திருந்ததாகச் சொல்வார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு பொறுக்கலாம். கிணற்றுக் கதையை அப்படிப் பொறுக்க முடியாது என்று எனக்கும் தெரியும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன் கண்ணால் நீ பார்த்தாய், என் கண்ணால் நான் பார்த்ததையும் ஒருமுறை கேள்.

கிழக்கு வளவில் அந்தக் கிணறு வெட்டியபோது நல்ல தண்ணீர்தான் வந்தது. வெட்டினவர்கள் கூலி வாங்கிக்கொண்டு, பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்த மண்ணில் நல்ல தண்ணீர் மேலே கிடக்கிறது, உப்புத் தண்ணீர் அதற்குக் கீழே கிடக்கிறது. அதிலும் எங்களுடையது கடல்நீரேரி பக்கத்து வளவு. தண்ணீர் கண்டதும் கல் உடைக்கிற அலவாங்கைக் கீழே போட்டுவிட வேண்டும் என்று கோப்பாயில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மேற்கு வளவுச் சின்னத்தம்பியர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, கோடைக்கு இது காணுமோ? என்ரை கிணறு இதைவிட ஆழம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். உன் ஐயா அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த நாள் இருந்த தண்ணீரை இறைத்துவிட்டு, இன்னும் ஆழமாக்க நீங்கள் இரண்டு பேரும் கிணற்றுக்குள் இறங்கினீர்கள். நான் மேலே நின்று கல்லும் மண்ணும் நிரப்பிய கடகத்தைக் கயிற்றால் இழுத்தேன். கல் வெடிப்பில் கசிந்ததை நீ விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாய். "ஐயா, கரிக்குது. போதும், விடுங்கோ" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. "உனக்கு வேர்வை கரிக்குது, தள்ளி நில்" என்று அவர் சொன்னதும் விழுந்தது. பிறகு அலவாங்கு விழுந்த சத்தம். சாயந்தரம் கிணறு நிறையத் தண்ணீர் நின்றது. எருமையும் குடிக்காத உப்புச் சவர்.

அதோடு விட்டிருந்தால் இதுவும் ஒரு தொண்டைமானாற்றுக் கதையாகப் போயிருக்கும். ஆனால் அந்த மாதமே உன் பெரியப்பா வீட்டுத் திவசத்தில், பந்தியில், ஆரோ கிணற்றைப் பற்றிக் கேட்டார்கள். உன் ஐயா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இளம் பொடியங்கள் சொல்லுக் கேட்டால்தானே. போதும் போதும் எண்டு நான் சொல்லச் சொல்ல, உவன் அலவாங்கை விட்டானில்லை" என்றார். நீ எதிர்ப் பந்தியில் இருந்தாய். உன் கை இலையில் அப்படியே நின்றது. நான் சாம்பார் வாளியோடு நின்றேன். பந்தியில் வைத்துப் புருஷனை மறுத்துக் கதைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அடுத்த இலைக்குப் போனேன். அன்று தொடக்கம் ஊர்ப் பொடியங்கள் உன்னைக் "கிணத்து எஞ்சினியர்" என்று கூப்பிட்டார்கள். நீ கொழும்புக் கந்தோரில் வேலை கிடைத்துப் போனாய். லீவில் வருகிறபோதெல்லாம் ரயிலால் கொடிகாமத்தில் இறங்கி, மாமா வீட்டில் நின்றுவிட்டு, அங்கேயே ரயில் ஏறிப் போகிறாய். நான்தான் உன்னைப் பார்க்க வண்டிலில் வந்து போகிறேன்.

நீ போன பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. நான் சின்னத்தம்பியர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளத் தொடங்கினேன். இரண்டு வளவுக்கும் இடையில் வேலியில் ஒரு பொட்டு இருக்கிறதே, அதற்குள்ளால் குனிந்து குடத்தோடு போய் வருவேன். உன் ஐயா அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. தன் கிணற்றில் தானே அள்ளி, அந்தச் சவரைக் குடித்தார். ஆரும் வந்தால் அவர்களுக்கும் ஒரு செம்பில் கொடுப்பார். அவர்கள் முகத்தைச் சுளித்தால், "உங்கடை நாக்கிலை ஏதோ பிழை" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முயலைத் தினம் பச்சையாகத் தின்கிற மனிதரை இங்கேதான் பார்த்தேன்.

வயிறு ஊதியது, தோல் காய்ந்தது. பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் அவருடைய செம்பில் சின்னத்தம்பியர் வீட்டுத் தண்ணீரை நிரப்பி வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு, "பாத்தியோ? எங்கடை கிணறு தெளிஞ்சு வருது. நான் அப்பவே சொன்னனான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த நாள் செம்பை என் கையில் தராமல் தானே கிணற்றடிக்குப் போனார்.

இது என்ன, தனக்குத் தானே போட்டுக்கொண்ட தண்டனையா, வெறும் பிடிவாதமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். பிழையை ஒத்துக்கொள்ளாதவர்களில் இரண்டு வகை இருக்கிறது. ஒரு வகை, தான் சவராக்கிய தண்ணீரைத் தானே குடிக்கும். மற்ற வகை, அதை அடுத்தவனைக் குடிக்க வைக்கும். முதல் வகையோடு வாழலாம், இரண்டாவது வகைக்குக் கிட்டப் போகக்கூடாது. உன் ஐயா எந்த வகை என்று நீ கேட்பாய். தண்ணீரை அவர் குடித்தார், பழிச்சொல்லை உன்னைக் குடிக்க வைத்தார். அதனால்தான் உன் கோபம் நியாயம் என்று முதலிலேயே எழுதினேன்.

உன் கந்தோரில் உள்ள பெரிய கிளாக்கரைப் பற்றியும் மாமாவுக்கு எழுதியிருந்தாய். தான் செய்கிற பிழையை எல்லாம் துரைக்கு முன்னால் உன் தலையில் போடுகிறார் என்று. அவர் சுத்தமாக இரண்டாவது வகை. அவரோடு வாதாடி நேரத்தைத் தொலைக்காதே. நடந்ததை, நடந்த அன்றைக்கே, கேட்க வேண்டிய ஆளுக்கு முன்னால் ஒருமுறை சொல். குரலை உயர்த்தாதே, இரண்டாம் முறை சொல்லாதே. சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். அவர் ஓம் என்று சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அப்படி நிற்கிறவரைக்கும் நீ அவருடைய கூலியாள். ஆளைச் சுவரோடு நெருக்காமல், வேலியில் ஒரு பொட்டும் விட்டுவை. மானத்தோடு வெளியே போக வழி இருந்தால் சில பேர் போவார்கள். போகாதவர்களை விட்டுத் தள்ளு.

இந்தப் புத்தி எனக்கு எப்போது வந்தது என்று கேட்காதே. போன கிழமைதான் வந்தது. நாள் வைக்கிறதற்காக மாமா வீட்டில் கூடியிருந்தோம். பெண்ணைப் பெற்றவரும் வந்திருந்தார். பாலறுகு எங்கே என்று அவர் கேட்க, மாமா என் முகத்தைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். உன் பெரியப்பா சிரித்துக்கொண்டு, "எஞ்சினியர் தான் பழுதாக்கின கிணத்தடிக்கு வர வெக்கப்படுறாராக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணைப் பெற்றவரும் என்ன ஏதென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். நாளைக்கு அந்தப் பெண்ணின் காதிலும் அல்லவா இது விழும் என்று நினைத்தேன். வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை பழுதாக்கேல்லை. கரிக்குது, விடுங்கோ எண்டு அவன் சொன்னவன். கல்லை உடைச்சது இவர். நான் மேலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். இவ்வளவு நாளும் சொல்லாதது என்ரை பிழை" என்று சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் உன் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சொன்னதை மறுக்கவும் இல்லை. வாயிலிருந்த வெற்றிலையை முற்றத்தில் துப்பிவிட்டு வந்து, "சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்றார். பெண்ணைப் பெற்றவர் நல்ல மனிதர். "கிணறு எண்டால் சவரும் வரும், நல்லதும் வரும். நாங்கள் நாளைப் பாப்பம்" என்று கதையை மாற்றிவிட்டார். ஊருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, ராசா. அது உன் ஐயாவின் வாயால்தான் வரவேண்டும் என்று சட்டமில்லை. என் வாயாலும் வரலாம். முந்தியே வந்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது அவர் கைதடியில் தண்ணீர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் வண்டிலை நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தானும் குடித்தார். ஒரு செம்பு குடித்து, இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தார். "நல்ல தண்ணியோ?" என்று கேட்டேன். "தண்ணி தண்ணிதான்" என்றார்.

அடுத்த நாள் காலை குளித்து, திருநீறு பூசி, சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உன் ஐயா புறப்பட்டார். எங்கே என்று கேட்டேன். "ஒழுங்கைப் பக்கம் வேலி பாக்க" என்றார். நான் அந்த நேரம் சின்னத்தம்பியர் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கத்தில், பொட்டுக்குக் கிட்ட, குடத்தோடு நின்றேன். ஒழுங்கைத் தெருவால் சுற்றிக்கொண்டு போய் அவர்களுடைய படலையைத் திறக்கிற சத்தம் கேட்டது. கிணறு வெட்டிய நாளிலிருந்து அவர் அந்தப் படலையைத் தொட்டதில்லை. நான் கிடுகு வேலியோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

"வாருங்கோ அண்ணை, என்ன அதிசயம்" என்றார் சின்னத்தம்பியர்.

"பிள்ளைக்குக் கலியாணம். பாலறுகுக்குத் தோய வாக்க நல்ல தண்ணி ரெண்டு குடம் வேணும். நான் வந்து அள்ளிக்கொண்டு போறன்."

சின்னத்தம்பியர் விடுவாரா? இத்தனை வருஷம் காத்திருந்தவர். "ஏன் அண்ணை, உங்கடை கிணறு வத்திப்போச்சோ?" என்று கேட்டார்.

உன் ஐயா ஏதாவது ஒரு கடலைக் காட்டப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"வத்தேல்லை. சவர்" என்றார். "என்ரை அலவாங்கு."

சின்னத்தம்பியரும் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. "எத்தினை குடம் வேணுமெண்டாலும் அள்ளுங்கோ அண்ணை" என்றார். நான் தண்ணீர் அள்ளாமலே வெறும் குடத்தோடு வீட்டுக்கு ஓடி வந்து, அடுப்படியில் இருந்து அழுதேன். அவர் வந்து, "வேலி எல்லாம் கறையான்" என்று சொல்லிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். வேலியில் கறையான் இல்லை. போன மாதம்தான் அடைத்தது.

இப்போது உன் முறை. கோபம் தீர்ந்தால்தான் வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோபத்தோடேயே வா, கிணற்றடியில் அதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் ஐயா உன் முகத்துக்கு நேரே சொல்வார் என்று காத்திராதே. சொல்லமாட்டார். நான் வேலிக்குப் பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது, நீயும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. இன்னொன்று, நீ கோபிக்காதே. உனக்கும் அந்த மனிதரின் வாய்தான். சின்ன வயதில் விளக்குச் சிமிலியை உடைத்துவிட்டுப் பூனையைச் சொன்னாய், எங்கள் வீட்டில் அப்போது பூனையே இல்லை. அந்தப் பெண் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, பிழை உன்னுடையது என்றால் அன்றைக்கே சொல்லிப்போடு. வாய் வெந்துபோகாது. அவளை என்னைப் போல வேலிக்குப் பின்னால் நின்று கேட்க வைக்காதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் ஐயா இரண்டுமுறை இந்தப் பக்கம் வந்து போனார். "கலியாண வேலையே எழுதுறாய்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "கொழும்பிலை நல்ல வாளி விக்குமாம். வரேக்கை ஒண்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்லு. இஞ்சை உள்ளது ஓட்டை" என்றார். வாளியில் ஓட்டை இல்லை, ராசா. நான் பார்த்தேன். ஆனாலும் வாங்கிக்கொண்டு வா, கொடிகாமத்தில் இறங்காமல் யாழ்ப்பாணம் வரைக்கும் வா.

அன்றைக்குப் பலகையில் இருக்கும்போது கண்ணை மூடிக்கொள். பாலும் அறுகும் வைத்த பிறகு உன் ஐயா முதல் செம்பை உன் தலையில் வார்ப்பார். தலையால் வழிகிற தண்ணீர் எப்படியும் ஒரு சொட்டு உன் வாய்க்குள் போகும். அது இனிக்கும். நீ ஒன்றும் சொல்லாதே, அவரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

உன் அம்மா